வெரைட்டி ஹாலும் அதன் மேடைக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. சாமான் வாங்கப் போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், தபால்காரர்கள் என்று தினமும் ஆயிரம் வாய்கள் அந்தப் பெயரைச் சொல்கின்றன. அந்த ஹால் எது, யார் கட்டினார், அதைப் போன்ற அரங்குகளில் யார் பாடினார்கள், யார் ஆடினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஊர்ப் பழங்கதைகளைத் தேடித் திரிகிற ஆள் நான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்கு உறுதியாகத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெரைட்டி ஹால் எங்கே இருந்தது? இப்போதும் இருக்கிறதா?

அந்த ரோட்டிலேயே இருந்தது. 1914-இல் கட்டப்பட்டது. பேசும் படம் வந்தபின் வெரைட்டி ஹால் டாக்கீஸ் ஆனது, பிறகு டிலைட் தியேட்டர் ஆனது. டிலைட் என்று சொன்னால் கோவையில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு உடனே முகம் மலரும். சில ஆண்டுகளுக்கு முன் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ரோட்டின் பெயர் மட்டும் நிற்கிறது.

கட்டியவர் யார்?

சாமிக்கண்ணு வின்சென்ட். கோவையில் 1883-இல் பிறந்தவர். தென்னிந்திய ரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1905-இல் டுபோன் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு திருச்சிக்கு வந்தார். அவருக்கு உடம்பு முடியாமல் போனது. கருவியையும் படச் சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். அதைச் சாமிக்கண்ணு ஏறத்தாழ 2,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். ரயில்வே வேலையென்றால் சாகும்வரை சோறு உறுதி என்று ஊரே நம்பிய காலம். அந்த வேலையை விட்டுவிட்டு, சுவரில் ஓடும் நிழலை நம்பிப் போனார் மனிதர்.

டுபோனிடமிருந்து வந்த சுருள்களில் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் இருந்தது. சாமிக்கண்ணு ஒரு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். திருச்சியில் தொடங்கி, வடக்கே லாகூர், பெஷாவர் வரை அந்தக் கூடாரம் போயிற்று. 1909-இல் சென்னை எஸ்பிளனேடில் கொட்டகை போட்டார். அதன்பின் பிரெஞ்சு பாதே கம்பெனியின் கருவிகளை விற்கும் ஏஜென்டாகவும் இருந்தார். இத்தனை ஊர் சுற்றியவர் கடைசியில் நிரந்தரமான அரங்கைக் கட்டத் தேர்ந்தெடுத்தது சொந்த ஊரை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். 1942-இல் காலமானார்.

ஏன் 'வெரைட்டி' என்று பெயர் வைத்தார்?

அந்தக் காலத்தில் படம் மட்டும் காட்டி ஒரு ராத்திரியை நிரப்ப முடியாது. கையில் இருக்கும் சுருள்கள் சிறியவை. எனவே படம், பாட்டு, ஆட்டம், நாடகம், வித்தை என்று பலவும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். திரைக்கு முன்னால் மேடை இருக்கும். இன்று தியேட்டர் என்றால் வெள்ளைத் துணியும் நாற்காலியும்தான். அன்று அது பலகை அடித்த மேடையும் சேர்ந்த இடம். பலகாரக் கடையில் 'மிக்சர்' என்று ஒன்று வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அந்தப் பொருளில்தான் 'வெரைட்டி'.

ஒரு காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. ஆயிரம் அடி ஃபிலிம் ஒரு சுருள். பேசாத பட வேகத்தில் கையால் சுற்றினால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். ஒரே ஒரு கருவி இருக்கும் இடத்தில் அந்தச் சுருள் முடிந்ததும் அடுத்ததை மாட்ட வேண்டும். இருட்டில் ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? சீட்டி பறக்கும். அந்த இடைவெளியில் ஒரு பெண் வந்து ஆடுவார், பபூன் வந்து சிரிக்க வைப்பார், சில ஊர்களில் குஸ்திகூட நடக்கும். படம் ஓட்டியவர்களுக்கு அது இடைவெளி. மேடை ஏறியவர்களுக்கு அதுதான் அன்றைய பிழைப்பு.

தென்னிந்தியாவின் முதல் சினிமா தியேட்டர் இதுதான் என்கிறார்களே, உண்மையா?

கோவைக்காரனாக 'ஆமாம்' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயரின் எலக்ட்ரிக் தியேட்டர் இதற்கு முன்பே நடந்தது. அந்தக் கட்டடம் அஞ்சல் துறை வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. அங்கேயே ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டரும் ஏறக்குறைய இதே காலத்தது. எனவே 'முதல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். மாகாணத் தலைநகரைவிட்டு வெகுதூரத்தில், பருத்தியும் நூலும் விளைந்த ஒரு மாவட்ட ஊரில், கூடாரம் தூக்கிப் பிழைத்த ஒரு தமிழர் 1914-இலேயே நிரந்தர அரங்கு கட்டினார் என்பதே போதுமான பெருமை. மிகைப்படுத்தினால் இருக்கும் பெருமையும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

ஏனுங்க, பேசாத படத்தை எழுத்துத் தெரியாத ஜனங்க எப்படிப் பார்த்தாங்க?

காதால் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வந்த படங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் படங்கள். நடுநடுவே ஆங்கில வாசகம் வரும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, என்ன நடக்கிறது என்று தமிழில் உரக்கச் சொல்வார். குதிரையில் வருகிறவன் நல்லவனா கெட்டவனா, அந்த அம்மாள் ஏன் அழுகிறாள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். எடி போலோ என்ற அமெரிக்க நடிகரின் சண்டைத் தொடர்படங்கள் தமிழ்நாடு முழுக்க அமர்க்களப்பட்டன. அந்தப் புகழில் பாதியாவது கதை சொன்னவர்களுக்குச் சேர வேண்டும். நல்ல தொண்டை உள்ளவர், சமயோசிதம் உள்ளவர், கூட்டத்தின் மூச்சைப் பிடிக்கத் தெரிந்தவர் அவர். அவரோடு ஆர்மோனியமோ தபலாவோ வைத்துக்கொண்டு இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

படத்தின் பெயர் நோட்டீஸில் இருக்கும். நடித்த வெள்ளைக்காரர் பெயர் இருக்கும். கதை சொன்னவர் பெயரும் ஆர்மோனியம் வாசித்தவர் பெயரும் இருக்காது. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதனால்தான்.

நம்ம ஊர் ஜனங்களுக்கு இதெல்லாம் புதுசா இருந்திருக்குமே?

கருவி புதிது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து கதை கேட்பது புதிதல்ல. கொங்கு நாட்டில் அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் படுகளம் போகிற கட்டத்தில் கேட்கிறவர்களுக்கு அருள் வந்து விழுவதுகூட உண்டு. மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நட்டால் ஊரே சுற்றி ஆடும். வள்ளி கதையைக் கும்மியடித்துப் பாடுகிற வழக்கமும் இங்கே இருக்கிறது. மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, பக்கத்தில் பழனி என்று முருகன் மலைகள் சூழ்ந்த நாடு அல்லவா. ஆகவே 'வள்ளி திருமணம்' நாடகம் இந்தப் பக்கம் வந்தபோது கதையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு வள்ளி எப்படிப் பாடுகிறாள், நாரதருக்கு என்ன பதில் கொடுக்கிறாள் என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

மேடை ஏறியவர்கள் யார்? எப்படி வாழ்ந்தார்கள்?

இரண்டு வகை ஏற்பாடு இருந்தது. ஒன்று 'ஸ்பெஷல் நாடகம்'. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களை ஒரு ராத்திரிக்கு மட்டும் காண்ட்ராக்டர் பேசி வரவழைப்பார். ராஜபார்ட் என்ற கதாநாயக வேடக்காரர் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் என்ற கதாநாயகி வேடக்காரர் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து ரயிலேறி வருவார்கள். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் பாடம் ஒன்றே. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களும் பாட்டுகளும் எல்லார் நாவிலும் இருக்கும். மேடையில் தர்க்கம் வந்தால் ஒருவர் பாட்டில் கேட்பார், எதிரே நிற்பவர் அந்த நொடியில் பாட்டிலேயே மடக்க வேண்டும். மடக்கினால் 'ஒன்ஸ்மோர்' கூச்சல் கூரையைப் பிளக்கும். தடுமாறினால் அடுத்த சீசனுக்கு அழைப்பு வராது.

மற்றொன்று 'பாய்ஸ் கம்பெனி'. எட்டு, ஒன்பது வயதுப் பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் கற்றுக்கொடுத்து, ஆண் பெண் வேடம் எல்லாவற்றையும் அவர்களையே கட்டவைக்கும் ஏற்பாடு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாக அங்கே சேர்ந்தார்கள். பிறகு 1925-இல் தங்கள் சொந்தச் சபையை நடத்தத் தொடங்கினார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபா காட்சி ஜோடனைக்குப் பெயர் போனது. அது ஊட்டிக்கு வந்தபோதுதான், அங்கே வளர்ந்த எம்.என். நம்பியார் பதின்மூன்று வயதில் அதில் சேர்ந்தார்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையை இனிப்பாகச் சொல்ல மாட்டேன். விடியற்காலை எழுப்பிச் சாதகம் செய்யச் சொல்வார்கள். பாடம் தப்பினால் அடி. சம்பளம் சொற்பம். வீட்டு வறுமைதான் பிள்ளைகளை அங்கே அனுப்பியது. மூன்று வேளைச் சோறு என்ற ஒரே காரணம் பல தாய்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதற்குக் கம்பெனிகளில் வைத்த பெயர் 'மகரக்கட்டு'. வயது வரும்போது பையனின் குரல் உடையும். நேற்றுவரை வள்ளியாகவும் சீதையாகவும் பாடிக் கைதட்டு வாங்கியவன், ஒரு மாதத்தில் சுருதி சேராமல் நிற்பான். சிலருக்குக் குரல் திரும்பி வரும். திரும்பாதவர்கள் திரை இழுக்கப் போனார்கள், வேடம் போட்டுவிடப் போனார்கள், சமையற்கட்டுக்குப் போனார்கள், காணாமலும் போனார்கள். மேடையில் ஜெயித்தவர்களின் கதை எழுதப்பட்டுவிட்டது. உடைந்த குரலோடு படுதாவுக்குப் பின்னால் நின்ற பையன்களின் கதை அவ்வளவாக எழுதப்படவில்லை.

மைக் இல்லாமல் அத்தனை பேருக்கு எப்படிக் கேட்டது?

உச்சத்தில் பாடினார்கள். இன்று ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறார்கள் என்றால், அன்று நாலரை, ஐந்து கட்டையில் பிடிப்பார்கள். அன்றைய நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேட்டால், ஓர் ஆண் குரலா இது என்று முதலில் திகைப்பு வரும். தகரக் கூரையும் ஓலைக் கீற்றும் குரலை விழுங்கிவிடும் இடங்கள் அவை. குழந்தை அழும், முறுக்கு விற்பவன் கூவுவான். இவற்றையெல்லாம் தாண்டிக் கடைசித் தரை டிக்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்திப் பிடித்தால், அந்தச் சுருதிக்கு ஏற முடியாதவருக்கு மேடையில் இடமில்லை.

கே.பி. சுந்தராம்பாள் நம்ம கொடுமுடிதானே? அவர் கதை என்ன?

கொடுமுடியேதான். பெயரில் முதல் எழுத்தே கொடுமுடி, அடுத்தது தாயார் பாலாம்பாள். 1908-இல் பிறந்தார். ஈரோட்டிலிருந்து திருச்சி போகும் ரயில் பாதை காவிரியை ஒட்டிக் கொடுமுடி வழியாகத்தான் போகிறது. குடும்பம் வறுமையில் இருந்தபோது சிறுமியாக ரயிலில் பாடினார். அந்தக் குரலைக் கேட்ட ஒருவர் நாடகத்துக்கு அழைத்துப்போனார். வேலு நாயர் கம்பெனியில் குழந்தை வேடங்களில் தொடங்கினார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியில் வாடும் பிள்ளையாக நடித்திருக்கிறார். பசியை அந்தக் குழந்தைக்கு யாரும் நடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

1926-இல் இலங்கையில் கிட்டப்பாவோடு மேடை ஏறினார். 'வள்ளி திருமண'த்தில் அவர் வேலன், வேடன், விருத்தன், இவர் வள்ளி. இருவரும் மணந்துகொண்டார்கள். வாழ்க்கையில் சேர்ந்திருந்த காலம் குறைவு, மனத்தாங்கலும் இருந்தது. 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார், கடைசிவரை மாறவில்லை.

அந்த முடிவோடும் அவருக்கு மேடை அனுபவம் கைகொடுத்தது. நாடகத்தில் பெண்கள் ராஜபார்ட் கட்டுவது வழக்கம். ஆண் வேடம் அவருக்குப் புதிதல்ல. 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார் என்பது நாடே பேசிய செய்தி. ரயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமிக்கும் அந்த லட்சத்துக்கும் நடுவே இருபது ஆண்டுகூட இல்லை. 1953-இல் ஔவையாராக நடித்தார். 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார். ஊரை மறக்காமல் கொடுமுடியிலேயே ஒரு தியேட்டரும் கட்டினார்.

பெண்கள் பார்க்க வந்தார்களா?

வந்தார்கள். பல கொட்டகைகளில் பெண்களுக்குத் தனி இடம், நடுவில் தடுப்பு. எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சூலூர்ப் பக்கம். சின்ன வயதில் கட்டுச்சோற்றோடு மாட்டுவண்டியில் கோயம்புத்தூருக்கு நாடகம் பார்க்கப் போனதைச் சொல்லுவார். "பாட்டு நெனப்பில்ல கண்ணு, திரும்பி வாரப்ப மாடுகளுக்கு வழி தெரிஞ்சிருந்துச்சு, வண்டியில நாங்க அத்தன பேரும் தூங்கிட்டோம்" என்பார்.

போலீஸ் கெடுபிடி இருந்ததா?

இருந்தது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டப்படி அரசு எந்த நாடகத்தையும் தடுக்கலாம். அதனால் கதை புராணமாகவே இருக்கும். அரசியல் பாட்டுக்குள் நுழையும். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் இடத்தில், கொள்ளையடிக்க வந்த வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு வந்தால் அது யாரைச் சொல்கிறது என்று தரை டிக்கெட்டுக்கும் தெரியும், ஓரமாக நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் அப்படிப் பாட்டுகளை எழுதினார். அவற்றைப் பாடிப் பாடித் திரும்பத் திரும்பச் சிறை போனார் விஸ்வநாத தாஸ். 1940-ஆம் ஆண்டின் கடைசி இரவில் சென்னை மேடையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடும்போதே அவர் உயிர் பிரிந்தது.

வெரைட்டி ஹாலுக்கும் கோவை மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?

பைக்காரா நீர்மின்சாரம் வந்தது 1932-இல். ஹால் கட்டப்பட்டது அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பு. சாமிக்கண்ணு எண்ணெய் எஞ்சின் வைத்துத் தானே மின்சாரம் எடுத்தார். படம் ஓடாத பகலில் எஞ்சினைச் சும்மா விடவில்லை. அதைக்கொண்டு அச்சகமும் அரிசி, மாவு மில்லும் நடத்தினார். ஹாலைச் சுற்றியிருந்த தெருவுக்கும் அவர் எஞ்சினிலிருந்து வெளிச்சம் கிடைத்தது. ஒரே முதலீட்டைப் பல வேலைக்குப் பயன்படுத்தும் அந்தக் கணக்கு அசல் கோயம்புத்தூர்க் கணக்கு.

பேசும் படம் வந்ததும் மேடைக்காரர்கள் என்ன ஆனார்கள்?

முதலில் அவர்களைத்தான் சினிமா தேடியது. பேசவும் பாடவும் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். 1933-இல் சாமிக்கண்ணு கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'வள்ளி திருமண'த்திலும் அவரே வள்ளி. ஜனங்கள் மேடையில் ஆயிரம் தடவை பார்த்த கதை என்பதாலேயே படமும் ஓடியது. படம் எடுக்க ஒவ்வொரு முறையும் கல்கத்தா போவது கட்டுமா? மில் முதலாளிகள் சிலரோடு சாமிக்கண்ணுவும் சேர, 1930-களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. 'ஹரிதாஸ்', எம்.ஜி.ஆர். முதன்முதல் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' எல்லாம் அங்கே எடுத்தவை. இன்னொரு பக்கம் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் பலர் இந்த வாசல்களுக்கு வந்தார்கள்.

எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை. மைக்குக்கு முன்னால் ஐந்து கட்டைக் குரல் தேவையில்லை. கேமராவுக்கு முகம் வேண்டும். நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக டாக்கீஸ் ஆயின. படத்துக்குப் பக்கத்தில் கதை சொன்னவருக்கு ஒரே நாளில் வேலை போனது. 1944-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டினார்கள். நலிந்துபோன நாடகத்தை எப்படி நிமிர்த்துவது என்று பேச ஒரு கொங்கு ஊரில் தமிழ்நாட்டு நாடகக்காரர்கள் கூடினார்கள் என்பதை ஈரோட்டிலேயே பலர் அறிய மாட்டார்கள்.

எங்க வீட்டுப் பெட்டியில பழைய நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் கிடக்குதுங்க. என்ன பண்றது?

முதலில், லேமினேட் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது, தாள் உள்ளேயே கெடும். செல்லோ டேப்பும் வேண்டாம். மடிப்பை வலிந்து விரிக்காமல், ஈரமில்லாத கையால் எடுத்து, பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள், எந்த ஊரில் எந்தக் காலத்தில் அச்சானது என்று பல நேரம் அதுதான் சொல்லும். ராஜபார்ட் பெயருக்குக் கீழே ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு, பபூன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். அது யார் வீட்டில், யார் வைத்திருந்தது என்பதையும் வேறொரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வீட்டில் வைக்க முடியாது என்றால் எடைக்குப் போடுவதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சொல்லுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு மனிதர் தன் ஆசைக்குச் சேர்த்த நோட்டீஸும் புத்தகமும்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம். வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் அப்பாரோ ஆத்தாவோ இருந்தால், அந்த நோட்டீஸை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.